கருவிக்கு அஞ்சாத ஆசிரியர்



ஆசிரியர் பயிற்சியைப் பற்றிப் பெற்றோரிடம் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், இரண்டு காரணங்களால் இச்செய்தி உங்கள் செவிக்கு வந்தாக வேண்டும். முதலாவது, பயிற்சியில் இருக்கும் இளம் ஆசிரியர்கள் பயிற்றுப் பணிக்காக நம் பள்ளிகளுக்கு வரும்போது, உங்கள் பிள்ளைகளின் முன்தான் நடை பழகுகிறார்கள். இரண்டாவது, அவர்களில் பலர் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் பிள்ளைகளைப் படிக்கவைத்த வீடுகளிலிருந்து போனவர்களே. உங்கள் மகளாகவோ, பக்கத்து வீட்டுத் தம்பியாகவோ இருக்கலாம்.

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள கேள்வி இதுதான். இரண்டு மூன்று மொழிகளுக்கு நடுவே நின்று பாடம் சொல்லப்போகும் ஓர் இளம் ஆசிரியர், வகுப்பறையில் கணினி முதலிய கருவிகளைத் துணிவோடு கையாள எவ்வாறு பழகுகிறார்? அத்துணிவு எங்கிருந்து வருகிறது? அதில் நம் பங்கு என்ன?

அச்சம் எதைப் பற்றியது?

இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி கையோடு பிறந்ததுபோல் இருக்கிறதே, இவர்களுக்கா கருவியைக் கண்டு அச்சம் என்று நீங்கள் வியக்கலாம். கைப்பேசியில் படம் பார்ப்பதும் நண்பரோடு பேசுவதும் வேறு. முப்பது பிள்ளைகள் பார்த்திருக்க ஒரு கருவியைக்கொண்டு பாடம் நடத்துவது வேறு. வீட்டில் நன்றாகச் சமைக்கும் பெண், கோயில் திருவிழாவில் முந்நூறு பேருக்கு உலை வைக்கச் சொன்னால் தயங்குவதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

இவ்வச்சத்தை ஆராய்ந்து பார்த்தால் அதனுள் மூன்று அச்சங்கள் இருப்பதைக் காணலாம். கருவி நடுவழியில் நின்றுவிட்டால் என் செய்வது என்பது ஒன்று. பிள்ளைகளுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தால் என் மதிப்பு என்னாவது என்பது மற்றொன்று. மூன்றாவது மொழியைப் பற்றியது. இதை நாம் சற்று விரித்துக் காண வேண்டும்.

தமிழ்ப்பள்ளிக்கு வரப்போகும் ஒரு பயிற்சி ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். அவர் வீட்டில் பேசுவது தமிழ். ஆசிரியர் கல்விக் கழகத்தில் அவர் கேட்கும் விரிவுரைகளுள் பல தேசிய மொழியில். கணினித் திரையில் தோன்றும் சொற்களோ பெரும்பாலும் ஆங்கிலம். கல்வி அமைச்சின் கடிதங்களும் பதிவுகளும் மலாய். இத்தனையையும் கடந்து வகுப்பில் நிற்கும்போது அவர் பாடம் நடத்த வேண்டியது தமிழில். 2016ஆம் ஆண்டு தொடங்கிய இருமொழித் திட்டத்தில் சேர்ந்த பள்ளியாக இருப்பின், கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில். இந்நிலையில் திரையில் திடீரென ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றினால் அவர் என்ன செய்கிறார்? அதை வாசித்து, பொருள் கண்டு, சரிசெய்து, இடையிடையே பிள்ளைகளைத் தமிழில் அடக்கி அமர்த்த வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு நிரைகளில் மரம் சீவச் சொல்வதுபோன்ற வேலை அது. ஆகவே, பலர் கருவியை மூடிவைத்துவிட்டுப் பாடநூலை எடுத்துக்கொள்கிறார்கள். இதைச் சோம்பல் என்று சொல்லிவிடலாகாது. சுமை மிகுந்ததால் வந்த ஒதுக்கம் அது.

கருவி முந்தி வந்தது, துணிவு பிந்தி வந்தது

நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கருவிகள் அலை அலையாக வந்திருக்கின்றன. வானொலியில் கல்வி ஒலிபரப்பு வந்தது. 1972ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கணினிகள் பின்னர் வந்தன. 2003ஆம் ஆண்டில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது, அப்பாடங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும், வாய்ப்பழக்கத்தில் எல்சிடி என்று நாம் சொல்லும் படமெறியும் கருவியும், பாடங்கள் அடங்கிய குறுந்தட்டுகளும் கிடைத்தன.

இந்த 2003ஆம் ஆண்டை நாம் மறத்தலாகாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அதுவரை தமிழில் நடத்திவந்த பாடத்தை ஆங்கிலத்தில் நடத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டில், அதே பாடத்தில், புதிய கருவியும் கைக்கு வந்தது. புதிய மொழி ஒரு தோளில், புதிய கருவி மறு தோளில். துணிந்து பழகியவர்கள் உண்டு. அவர்களை நாம் பார்த்திருக்கிறோம். குறுந்தட்டை ஓடவிட்டு ஓரமாக நின்றுகொண்டவர்களும் உண்டு. அங்கே கருவி ஆசிரியரானது, ஆசிரியர் அதற்குக் காவலரானார். மடிக்கணினி களவு போய்விடுமோ என்னும் கவலையில் அதை இரும்பு அலமாரியிலேயே பூட்டிவைத்த பள்ளிகளும் இருந்தன.

பின்னர் 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஒரே நாளில் ஆசிரியர் எல்லாரும் கருவியின்முன் நிறுத்தப்பட்டனர். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்காட்டுக்குப் போய்விடும். மாலையில் அவர் திரும்பிய பின்னரே பிள்ளை பாடத்தைப் பார்க்கும். இது உங்களுக்குத் தெரியாத கதையன்று. அவ்வாண்டே கல்வி அமைச்சு 'டெலிமா' என்னும் இணையக் கற்றல் தளத்தையும் தொடங்கியது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. கருவியை ஒரே நாளில் லாரியில் ஏற்றி இறக்கிவிடலாம். துணிவை அவ்வாறு இறக்க முடியாது. அது மெல்ல மெல்ல விளைய வேண்டிய பயிர்.

துணிவு விளையும் நான்கு நிலங்கள்

துணிவு எவ்வாறு விளைகிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஆல்பர்ட் பண்டுரா என்னும் உளவியலறிஞர். கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 'இதை என்னால் செய்ய முடியும்' என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் நம்பிக்கையைக் குறித்து 1977ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை ஆசிரியர் பயிற்சியில் இன்றளவும் பேசப்படுகிறது.

அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டவர்கள் யார் தெரியுமா? பாம்புக்கு அஞ்சியவர்கள்! செம்பனைக் காட்டில் வேலை செய்யும் உங்களுக்குப் பாம்பைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. அவர் காட்டியது நஞ்சில்லாத பாம்பு. சிலர், வேறொருவர் அப்பாம்பைக் கையாள்வதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். வேறு சிலர், உதவியாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க, படிப்படியாகத் தாமே அதைத் தொட்டுப் பழகினார்கள். யாருடைய அச்சம் அதிகம் விலகியது? தாமே தொட்டுப் பழகியவர்களுடையதுதான். பார்த்தவர்களும் பயன் பெற்றார்கள். ஆயினும் தொட்டவர்கள் பெற்ற அளவுக்கு இல்லை.

நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்று பண்டுரா வகுத்துக் கூறினார். அவற்றை நம் தோட்டத்து வழக்கத்தோடு ஒப்பிட்டுக் காண்போம்.

முதலாவது, தானே செய்து வெற்றி காண்பது. நான்கிலும் வலிமை மிக்கது இதுவே. மரம் சீவப் புதிதாக வந்தவரிடம் நல்ல நிரையை எடுத்த எடுப்பிலே கொடுத்துவிட மாட்டார்கள். உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் வராது. ஆகவே, கழிக்கப்போகும் கிழமரங்களில் கையைப் பழக்குவார்கள். பயிற்சி ஆசிரியருக்கும் அத்தகைய கிழமரங்கள் வேண்டும். தவறினாலும் எவர்க்கும் காயம் படாத இடங்கள் அவை.

இரண்டாவது, தம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது. இங்கே 'தம்மைப் போன்ற' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நகரத்தில் பெரிய பள்ளியில் எல்லா வசதியும் உள்ள ஒருவர் செய்துகாட்டினால், 'அவரால் முடியும், நம்மால் முடியுமா?' என்ற எண்ணமே எழும். தோட்டத்துப் பள்ளியிலிருந்து வந்து, தமிழில் பாடம் நடத்தி, தம்மைப்போலவே ஆங்கிலத்தில் சற்றுத் தடுமாறும் மூத்த ஆசிரியர் ஒருவர் செய்துகாட்டினால், 'நாமும் செய்யலாமே' என்று தோன்றும்.

மூன்றாவது, நம்பத்தக்கவரின் சொல். வெறும் பாராட்டு போதாது. 'நன்றாக இருந்தது' என்பதைவிட, 'பிள்ளைகள் ஒலியைக் கேட்டபின் நீங்கள் சற்று நேரம் பேசாமல் காத்திருந்தீர்களே, அப்போதுதான் அவர்கள் யோசித்தார்கள்' என்று சுட்டிக்காட்டும் சொல்லே வேர் பிடிக்கும்.

நான்காவது, உடலும் மனமும் இருக்கும் நிலை. கை நடுங்கும்போதும் நெஞ்சு படபடக்கும்போதும், 'எனக்கு இது வராது' என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. முதல் நாளே கருவியைச் சோதித்துவைத்தால் படபடப்புக் குறையும். கால் மணி நேரம் முன்பே வகுப்புக்குப் போய் சுவிட்சு எங்கே, நீட்டு வயர் எட்டுகிறதா, ஒலி பின்வரிசைக்குக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்வது சிறிய செயல்தான். ஆனால், அது தரும் அமைதி பெரிது.

படிப்படியாக ஏறும் ஏணி

இந்நான்கையும் பயிற்சியில் எவ்வாறு பயன்படுத்துவது? 1960களில் அதே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு முறை உருவானது. முழுப் பாடத்தையும் முழு வகுப்புக்கும் நடத்தச் சொல்லாமல், ஐந்தாறு பேர் முன்னிலையில், பத்து நிமிடம்போல, ஒரே ஒரு திறனை மட்டும் செய்துகாட்டச் சொல்வது. பின்னர் அதைப் பற்றிக் கலந்து பேசி, மறுபடியும் செய்யச் சொல்வது. நம் நாட்டுப் பயிற்சிக் கல்லூரிகளிலும் இம்முறை நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது. நாம் மேலே சொன்ன கிழமரம் இதுவே.

ஏணியின் அடுத்த படி, ஒரு பாடத்துக்கு ஒரு கருவி. புதிதாக வரும் ஆசிரியர் சிலர் முதல் நாளே படம், பாட்டு, விளையாட்டு, வினாடி வினா என்று எல்லாவற்றையும் அடுக்கிவிடுவர். ஒன்று தடைப்பட்டால் எல்லாம் சரியும். ஒன்றை மட்டும் எடுத்து, அதில் கை தேர்ந்த பிறகு மற்றொன்றுக்குப் போவதே அறிவுடைமை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, மிக எளிய கருவி ஒன்றைப் பார்ப்போம். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யும் வசதி. இதற்கு இணையம் வேண்டியதில்லை. ஆங்கிலச் சொற்களும் அதிகம் இல்லை. ஒரு சிவப்புப் புள்ளியை அழுத்தினால் போதும். தமிழில் லகர, ழகர, ளகர வேறுபாடு நம் பிள்ளைகளுக்குக் கடினமானது. 'பல்லி' என்பதும் 'பள்ளி' என்பதும் அவர்கள் வாயில் ஒன்றாகிவிடும். 'குழம்பு' ஊற்றச் சொன்னால் மாட்டின் 'குளம்பு' வந்து சேரும். ஆசிரியர் எத்தனை முறை திருத்தினாலும் தாம் செய்யும் பிழை பிள்ளைக்குக் கேட்பதில்லை. அப்பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்து, அதன் குரலையே அதற்குப் போட்டுக்காட்டினால், 'ஐயோ டீச்சர், நான் பள்ளியைப் பல்லின்னு சொல்லிட்டேன்' என்று தானே கண்டுகொள்கிறது. தானே கண்ட பிழையைத் தானே திருத்தவும் செய்கிறது.

அதே கருவி மறுநாள் மலாய் மொழிப் பாடத்துக்கும் உதவும். மலாயில் 'எ' என்னும் ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலிகள் உண்டு. பந்தைக் காலால் உதைப்பதற்கும் கன்னத்தில் அறைவதற்கும் எழுத்தில் ஒரே சொல்தான். ஒலி மட்டும் வேறு. வீட்டில் தமிழே பேசும் பிள்ளைக்கு இது காதில் விழுந்தால்தான் விளங்கும். தமிழ்ப் பாடத்தில் கை தேர்ந்த பயிற்சி ஆசிரியர், அதே பழக்கத்தை அடுத்த மொழிக்குக் கொண்டுபோகிறார். கருவி பழையது, மொழி மட்டும் புதிது. 2003இல் இரண்டு தோள்களிலும் சுமை ஏறியதைச் சொன்னோம் அல்லவா? இங்கே ஒரு தோளில் மட்டுமே சுமை. இருமொழி ஆசிரியரைப் பழக்குவதில் இதுவே தலையாய நெறி: புதுக்கருவியைப் பழகிய மொழியில் தொடங்குக, புதுமொழியில் பழகிய கருவியை எடுத்துச் செல்க.

150க்கும் குறைந்த மாணவர்களைக்கொண்ட பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறோம். தோட்டத்துப் பள்ளிகளுள் பல அவ்வகையைச் சேர்ந்தவை. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் வைத்து நடத்துவதும் உண்டு. அங்கே இந்தக் குரல் பதிவு இரண்டாவது ஆசிரியர் போன்றது. ஆசிரியர் ஒரு பிரிவுக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது, மறுபிரிவு அவர் முன்பே பதிந்துவைத்த கதையைக் கேட்டு வினாக்களுக்கு விடை எழுதலாம். குரலோ அவருடையதே, தமிழோ பிள்ளைகள் அறிந்த தமிழே.

கருவிக்குள் நம் மொழி

கருவியின் மொழி நமக்கு அந்நியமாக இருக்கும்வரை அச்சம் முழுமையாக நீங்காது. அதனால், பயிற்சி ஆசிரியர் முதலில் கற்க வேண்டியவற்றுள் ஒன்று தமிழில் தட்டெழுதுவது என்று நாம் உறுதியாகச் சொல்வோம்.

இத்துறையில் நம் வட்டாரத்துத் தமிழர் ஆற்றிய பணியை நீங்கள் அறிந்து பெருமைப்பட வேண்டும். சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர் நா. கோவிந்தசாமி. 1946இல் பிறந்து 1999இல் மறைந்தவர். சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர்களைப் பழக்கிய ஆசிரியர். தமிழ் இணையத்தில் ஏறத் தொடங்கிய 1990களில் அதற்காக முன்னின்று உழைத்தவர்களுள் அவர் ஒருவர். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கி உருவாக்கிய 'முரசு அஞ்சல்' கணினியில் தமிழை எழுதவைத்தது. 2005இல் வெளிவந்த அவருடைய 'செல்லினம்' கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டுவந்தது.

1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை முறை பொது முறையாயிற்று. அதன் அமைப்பு, நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டில் படிக்கும் எழுத்து முறையை ஒட்டியது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம். 'க' தட்டி 'ஆ' தட்டினால் 'கா' வரும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 விசைகளைக்கொண்டு 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். இம்முறையை விரும்பாதவர், ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் ஒலியை வரவழைக்கும் முறையையும் பயன்படுத்தலாம்.

இதனால் வரும் பயன் என்ன? தம் கையால் தமிழில் ஒரு வாசிப்பு அட்டையை அடித்து, நம் தோட்டத்து ஆற்றையும் நம் கோயிலையும் வைத்து ஒரு சிறு கதை எழுதித் திரையில் காட்டும் ஆசிரியர், பிறர் செய்து அனுப்பிய பாடத்துக்குக் காவலராக நிற்பதில்லை. கருவிக்கு அவர் எசமானர் ஆகிறார்.

எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

2006ஆம் ஆண்டில் மிஸ்ரா, கோலர் என்னும் இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் ஆசிரியருக்கு வேண்டிய அறிவை மூன்றாகப் பிரித்தனர். எதைக் கற்பிப்பது என்பது ஒன்று. எப்படிக் கற்பிப்பது என்பது இரண்டு. எந்தக் கருவியைக்கொண்டு கற்பிப்பது என்பது மூன்று. இம்மூன்றும் பொருந்தும் இடத்தில்தான் நல்ல பாடம் பிறக்கிறது என்றனர். மூன்றாவதை மட்டும் தனியே கற்றவர் கருவி பழுதுபார்ப்பவராகலாம், ஆசிரியராக முடியாது.

பச்சைப்பயறு முளைப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமா? ஈரப் பஞ்சில் நான்கு பயற்றை இட்டு, நாள்தோறும் பார்க்கச் சொல்வதே சிறந்தது. திரையில் ஒரு நிமிடத்தில் செடி வளர்ந்துவிட்டால் பிள்ளைக்குக் காத்திருக்கும் பழக்கம் வராது. ஆனால், இதயம் துடிப்பதையும் எரிமலை வெடிப்பதையும் வகுப்பில் கொண்டுவந்து காட்ட முடியாது. அங்கே திரை உதவும். எங்கே கருவியை வைக்க வேண்டும், எங்கே அதை ஓரமாக வைக்க வேண்டும் என்று தெளிந்திருப்பதும் துணிவின் ஒரு பகுதியே.

மேலும், தோட்டத்துப் பள்ளிகளில் மின்சாரம் நின்றுவிடும் நாளும், இணையம் எட்டாத இடமும் உண்டு. ஆகவே, ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டாவது வழி ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். திரை இருண்டால் அதே பாடத்தை அட்டைகளைக்கொண்டு நடத்தலாம். அதுவும் இல்லையேல் வெண்பலகையில் எழுதி நடத்தலாம். கருவி நின்றாலும் பாடம் நிற்கலாகாது. இந்த இரண்டாவது வழி கையில் இருப்பவருக்கு முதல் வழியில் செல்லத் தயக்கம் இராது. நீந்தத் தெரிந்தவர் படகில் அச்சமின்றி அமர்வதுபோல என்று சொல்லலாம்.

பிள்ளைகளுக்கு அதிகம் தெரிந்திருந்தால் மதிப்புப் போய்விடும் என்னும் அச்சத்துக்கும் மருந்து உண்டு. வகுப்பில் கருவியில் கெட்டிக்காரனான ஒரு பையனை உதவியாளனாக அமர்த்திக்கொள்வதே அது. வயரை மாட்டுவதும் ஒலியைக் கூட்டுவதும் அவன் வேலை. எதைக் கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்பது ஆசிரியர் வேலை. வகுப்பில் குறும்பு செய்துகொண்டிருந்த பிள்ளை இப்பொறுப்பால் நெறிப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம்.

பெற்றோர் செய்யக்கூடியவை

இதுவரை ஆசிரியரைப் பற்றிப் பேசினோம். இனி, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

பயிற்சி ஆசிரியர் ஒருவர் உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு வந்தால், 'அந்தக் காலத்து வாத்தியார் இதெல்லாம் இல்லாமலே சொல்லிக்கொடுத்தாரே' என்று பிள்ளையின் காதுபடப் பேசாதீர்கள். அச்சொல் மறுநாளே வகுப்புக்கு வந்து சேரும். இளம் ஆசிரியரின் துணிவை முதலில் முறிப்பது இத்தகைய சொல்தான்.

அவர் புலனத்தில் குரல்பதிவு அனுப்பினால், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். வேலை முடிந்து வந்த களைப்பு இருக்கும்; நாம் அறிவோம். ஐந்து நிமிடம் போதும். 'டீச்சர், புள்ள கேட்டுச்சு. கடைசி வார்த்தை மட்டும் விளங்கல' என்று ஒரு வரி பதில் அனுப்புங்கள். தாம் செய்தது பயன்பட்டது என்று அவர் அறிய அதைவிடச் சிறந்த வழி இல்லை. எழுத்து வராத தாய்மார்கள் குரலிலேயே சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் குரலையும் பள்ளிக்குக் கொடுங்கள். பாட்டி சொன்ன கதை, தாத்தா விடியற்காலையில் மரம் சீவப் போன கதை, பால் வாளியைத் தோளில் சுமந்த கதை இவற்றைப் பிள்ளையைக்கொண்டு கைப்பேசியில் பதிந்து அனுப்புங்கள். அது தமிழ்ப் பாடமாகும். அதை மலாயில் சுருக்கிச் சொல்லச் செய்தால் மலாய்ப் பாடமும் ஆகும். இரண்டு மொழிக்கும் பாலமாக உங்கள் வீட்டுக் கதையே அமையும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்கள், கருவி வாங்கித் தருவதோடு பணி முடிந்தது என்று எண்ணலாகாது. அதைப் பூட்டிவைக்க ஓர் அலமாரி, ஒரு நல்ல நீட்டு வயர், யார் கேட்டாலும் எடுத்துத் தரச் சாவி வைத்திருக்கும் ஒருவர் ஆகிய மூன்றும் இருந்தால் கருவி உண்மையில் வகுப்புக்கு வரும். பழுதாகிவிடுமோ என்று பூட்டியே வைத்திருந்தால் பழுதாகாது, பயனும் தராது.

உங்கள் மகளோ மகனோ ஆசிரியர் பயிற்சியில் இருந்தால், விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது, நடத்தப்போகும் பாடத்தை உங்கள் முன் நடத்திக்காட்டச் சொல்லுங்கள். தம்பி தங்கைகள் மாணவராக அமரட்டும். தவறு வந்தால் சிரிக்காமல் மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். கிழமரத்தில் உளி பிடித்துப் பழகுவது என்று முன்னர்ச் சொன்னோமே, அதற்கு உங்கள் வீட்டுக் கூடத்தைவிடச் சிறந்த இடம் ஏது?

அன்பார்ந்த பெருமக்களே! நம் நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் நாளை பாடம் நடத்தப்போகிறவர்கள் இன்று பயிற்சியில் இருக்கும் இவ்விளைஞர்களே. அவர்கள் கருவிக்கு அஞ்சி ஒதுங்கினால், நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்பு தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்காமற் போகும். அவர்கள் கருவிக்கு அடிமைப்பட்டால், பிள்ளைகள் திரையைப் பார்ப்பார்கள். பாடத்தைக் கற்க மாட்டார்கள். அஞ்சாமலும் அடிமைப்படாமலும் நிற்கும் ஆசிரியரை உருவாக்குவது பயிற்சிக் கழகத்தின் பணி மட்டுமன்று. வழிகாட்டும் மூத்த ஆசிரியர்களாகிய எங்களுக்கும், பிள்ளைகளை எங்களிடம் நம்பி அனுப்பும் உங்களுக்கும் அதில் பங்குண்டு.

அடுத்த முறை பள்ளியில் ஓர் இளம் ஆசிரியையோ ஆசிரியரோ நீட்டு வயரைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு விரைவதைக் கண்டால், நின்று ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.